ஒரு ஷில்லிங் அட்டை, ஒரு பென்னி தபால்

டிசம்பர் 10, 2025, புதன்: ஈஸ்ட் ஹாம்

சிவகாசியில் முப்பத்திரண்டு வருஷம் அச்சாபீஸ் வேலை. மெஷின்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தவன் நான். வருஷத்தில் பாதி நாள் காலண்டர், மீதியில் பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள். அக்டோபர் பிறந்தால் வாழ்த்து அட்டை ஓட்டம் தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றையும் ஒரே தாளில் சேர்த்து அடித்து, பிறகு வெட்டிப் பிரிப்போம். மாட்டுத் தொழுவத்தில் குழந்தை இயேசு படுத்திருப்பார், ஒட்டினாற்போல் பக்கத்துக் கட்டத்தில் கரும்பும் பானையும் நிற்கும். அப்படி லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியிருக்கிறேன். அதில் ஒன்றை எடுத்துப் பெயர் எழுதி யாருக்காவது தபாலில் போட்டிருக்கிறேனா என்றால், இல்லை. அல்வாக் கடைக்காரர் வீட்டில் யார் அல்வா தின்கிறார்கள்?

லண்டனில் இருக்கும் அக்கா மகன் மூன்று வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஜூன்ல வாங்க மாமா, நல்லா வெயில் அடிக்கும்" என்பான். வெயிலுக்காக ஒருவன் விருதுநகர் ஜில்லாவிலிருந்து விமானம் ஏறுவானா? டிசம்பரில் வருகிறேன் என்றேன். காரணம் ஒன்றுதான். முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று எல்லோரும் சொல்வது 1843இல் இந்த ஊரில் அச்சானது. அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். முடிந்தால் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய லென்ஸைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"இதுக்கா மாமா இவ்வளவு தூரம்?" என்று சிரித்தான்.

மத்தியானம் வந்து இறங்கினேன். எட்டு டிகிரி. நாலு மணிக்கெல்லாம் தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். கண்ணாடியை நாலு தடவை துடைத்த பிறகுதான் அது மழை என்றே புரிந்தது. அப்படி ஒரு தூறல், நம்மூரில் இதை மழைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டோம். ராத்திரி ஹை ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் மசால் தோசை. பரிமாறியவர் யாழ்ப்பாணத்துக்காரர். "அண்ணை, சாம்பார் இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று கேட்டதில் பாதிக் குளிர் போய்விட்டது. மீதி பில் வந்ததும் திரும்பி வந்தது. ஆறு பவுண்டு. ஒரு பவுண்டு சுமார் 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 720 ரூபாய்.

"ரூபாயில பெருக்காதீங்க மாமா. பெருக்கினா இந்த ஊர்ல தண்ணிகூடக் குடிக்க முடியாது."

சரி என்றேன். ஆனால் கடைசி நாள் வரைக்கும் பெருக்கிக்கொண்டேதான் இருந்தேன்.

டிசம்பர் 11, வியாழன்: தபால் மியூசியம், வாரிக் கோர்ட்

தபால் மியூசியம் மவுண்ட் ப்ளெசன்ட் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பாதிப் பேர் பாதாள ரயிலுக்காகப் போகிறார்கள். பேடிங்டனிலிருந்து வைட்சேப்பல் வரை, ஆறரை மைல், தெருவுக்கு அடியில் கடிதங்களுக்கு மட்டுமே ஓடிய ரயில். 1927இல் தொடங்கி 2003 வரை ஓடியிருக்கிறது. டிரைவர் கிடையாது. அதில் ஒரு துண்டுத் தூரம் இப்போது நம்மை உட்கார வைத்து ஓட்டுகிறார்கள். மூட்டைக்காகக் கட்டிய வண்டியில் ஆளை ஏற்றினால் எப்படி இருக்கும்? முழங்கால் முகவாயில் இடித்தது. எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெரியவர், என் காலை அவர் மிதித்ததற்கும் மன்னிப்புக் கேட்டார், அவர் காலை நான் மிதித்ததற்கும் அவரே மன்னிப்புக் கேட்டார்.

மேலே வந்து பார்த்ததில்தான் எனக்கு வேண்டிய விஷயம் இருந்தது. 1840க்கு முன்னால் இங்கே கடிதத்துக்குக் காசு கொடுத்தது பெரும்பாலும் அனுப்புகிறவர் இல்லை, வாங்குகிறவர். அதுவும் தூரத்தைப் பார்த்து, தாளை எண்ணி. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு தாள் போக ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி, இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. அந்தக் காலத்தில் யாருக்காவது "நல்லா இருங்க" என்று வாழ்த்து அனுப்பினால் அவர் வீட்டு வாசலில் தண்டல் வசூலித்த மாதிரிதான்.

ரோலண்ட் ஹில் என்பவர் இதை மாற்ற வேண்டும் என்று சண்டை போட்டார். 1840 ஜனவரி 10 முதல் நாட்டுக்குள் எங்கே போனாலும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு பென்னி. மே மாதம் தபால்தலையும் வந்துவிட்டது. ஹில்லோடு அந்த வேலையில் கூடவே இருந்தவர் ஹென்றி கோல். மலிவாகத் தபால் வந்ததும் ஊரே எழுத ஆரம்பித்தது. கோலுக்கும் வந்து குவிந்தது. பதில் போடாவிட்டால் மரியாதைக் குறைவு, உட்கார்ந்து எழுத நேரமில்லை. 1843இல் தன் நண்பர், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் போட்டுத் தரச் சொன்னார். மேலே பெறுநர் பெயருக்கு ஒரு கோடு, கீழே அனுப்புநர் பெயருக்கு ஒரு கோடு, நடுவில் வாழ்த்து. கோட்டை நிரப்பினால் போதும். சோம்பலுக்குப் பிறந்த பிள்ளை என்று அதைச் சொல்லலாம். வாட்ஸப்பில் ஃபார்வர்ட் அனுப்புகிறவர்களைத் திட்டும் பெரியவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கலாம். அடித்த வாழ்த்தை ஆயிரம் பேருக்கு அனுப்பும் யோசனை போனில் பிறந்தது இல்லை.

கோலின் அட்டை இங்கே இருக்குமோ என்று ஊழியப் பெண்ணிடம் கேட்டேன். நான் போன நாளில் பார்வைக்கு வைத்திருக்கவில்லை. அவர் அதற்காக என்னோடு சேர்ந்து வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, வந்ததற்கு இதையாவது கேட்டுவிட்டுப் போங்கள் என்கிற மாதிரி, பல சங்கதி சொன்னார். விக்டோரியா காலத்து லண்டனில் சில இடங்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை தபால் கொடுத்திருக்கிறார்கள். 1880லேயே, கிறிஸ்துமஸ் தபாலை முன்கூட்டியே போடுங்கள் என்று அரசாங்கம் கெஞ்ச ஆரம்பித்திருக்கிறது. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் அன்றைக்கே தபால் கொடுக்கும் வழக்கம் 1960 வரை இருந்திருக்கிறது. அட்டைகளில் எல்லாம் ஒரு செம்மார்புக் குருவி உட்கார்ந்திருக்கிறதே, அது ஏன் தெரியுமா என்றார். பழைய தபால்காரர்கள் போட்டது சிவப்புக் கோட்டு. ஜனங்கள் அவர்களை ராபின் என்று கூப்பிட்டார்கள். வாயில் கடிதத்தோடு ராபின் குருவியை அட்டைக்காரர்கள் வரைந்தது அப்படித்தான்.

இந்த நாடு கிறிஸ்துமஸுக்கென்று தபால்தலை போட்டது 1966இல்தான். குழந்தைகளுக்குப் போட்டி வைத்து இரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் ஆறு வயசுப் பிள்ளைகள் வரைந்தவை. மூன்று பென்னி தபால்தலையில் இருக்கும் பனி மனித ராஜாவை வரைந்த தஸ்வீர் ஷெம்சா, பாகிஸ்தானிலிருந்து வந்த ஓவியர் ஒருவரின் மகள். கிரீடம் கோணல்மாணலாக உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஆபீஸாக இருந்தால் ஆர்ட்டிஸ்ட் அதை நேராக்கியிருப்பார், படம் அதோடு செத்திருக்கும்.

அங்கிருந்து ஹோபர்னுக்கு நடை, இருபது நிமிஷம். முதல் அட்டையை அச்சடித்தது ஜாபின்ஸ் என்பவர், இடம் வாரிக் கோர்ட். கல்லச்சில், அதாவது கல்லில் படம் வரைந்து தாளில் ஒற்றும் முறையில், கறுப்புக் கோடு மட்டும் அடித்து, வண்ணத்தை மேசன் என்ற தொழிலாளி கையால் தீட்டியிருக்கிறார். ஓர் அச்சாபீஸ்காரன் பார்க்க வேண்டிய இடம் என்று போனேன். வக்கீல் ஆபீஸ்கள் இருக்கும் ஒரு சந்து. மை வாசனை கிடையாது, காப்பி வாசனைதான். சுவரில் ஒரு நினைவுப் பலகை இருந்தது. ஆஹா என்று கிட்டே போனால், சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென் நாடு கடந்து வாழ்ந்தபோது தங்கிய இடமாம். அட்டைக்குப் பலகை இல்லை. மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு வக்கீல் நான் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "இத்தனை வருஷம் இந்த வழியாகத்தான் போகிறேன்" என்று சுவரை ஏற இறங்கப் பார்த்தார்.

டிசம்பர் 12, வெள்ளி: பிராம்ப்டன் கல்லறை, சவுத் கென்சிங்டன்

காலையில் பிராம்ப்டன் கல்லறைத் தோட்டம். ஹென்றி கோலை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். ஒரு வணக்கம் போடலாம் என்று போனவன், உள்ளே நுழைந்த பிறகுதான் கணக்கைப் படித்தேன். 35,000 கல்லறைச் சின்னங்கள், அடியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர். மழை. பாதிக் கல்லில் எழுத்து கரைந்து போயிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் சுற்றினேன். எத்தனையோ ஹென்றிகள் கிடைத்தார்கள், கோல் கிடைக்கவில்லை. ஷூவுக்குள் தண்ணீர் இறங்கியதும் நிறுத்திக்கொண்டேன். ஒரு ராபின் மட்டும் சிலுவை மேல் வந்து உட்கார்ந்தது. அட்டையில் பார்த்ததைவிட ரொம்பச் சின்னது. சிவப்புகூட இல்லை, செங்கல் பொடி ஆரஞ்சு. இத்தனை வருஷமாக மெஜந்தாவைத் தூக்கி அடித்திருக்கிறோம்.

பிறகு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம். இதற்கு முதல் இயக்குநரே கோல்தான். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியிலும் அவர் கை உண்டு. இப்படி நாலைந்து வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற ஆளுக்குக் கடிதம் எழுத எங்கே நேரம்? இங்கேயும் அதே கதைதான். தாளில் இருக்கும் பொருளை வெளிச்சத்தில் வைத்திருக்க மாட்டார்கள், வண்ணம் ஓடிவிடும். அலமாரிக்குள் இருட்டில்தான் கிடக்கும், பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? ஜன்னலோரம் தொங்கிய காலண்டர் மூன்றே மாதத்தில் நீலம் மட்டும் மிஞ்சி நிற்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். தெரிந்தும் எழுதிக் கேட்காமல் வந்தது என் தப்பு.

புத்தகக் கடையில் ஒரு புத்தகத்தில் முழுப்பக்கமாக அந்தப் படம் இருந்தது. கடைக்காரப் பெண் பார்க்கப் பார்க்க, லென்ஸை எடுத்துக் குனிந்தேன். திராட்சைக் கொடி படர்ந்த மூங்கில் தட்டி மாதிரி ஒரு சட்டம். நடுவில் பெரிய குடும்பம், தாத்தா பாட்டியிலிருந்து பேரன் பேத்தி வரைக்கும், கோப்பையைத் தூக்கி நம்மைப் பார்த்து வாழ்த்துகிறார்கள். இரண்டு பக்கத்திலும் சின்னப் படம்: ஒன்றில் பசித்தவருக்குச் சாப்பாடு, இன்னொன்றில் இல்லாதவருக்குத் துணி. பனி இல்லை, நட்சத்திரம் இல்லை, மாட்டுத் தொழுவம் இல்லை, குழந்தை இயேசுவும் இல்லை. கிறிஸ்து இல்லாத கிறிஸ்துமஸ் அட்டை. முன்வரிசையில் ஒரு பொடிசுக்கு ஒயின் புகட்டுகிறார்கள். மதுவிலக்குக்காரர்கள் விடுவார்களா? குழந்தையைக் குடிக்கப் பழக்குகிறான் என்று கண்டனம் வந்தது. படம் போட்ட ஹார்ஸ்லியோ ஒழுக்கத்தில் படு கெடுபிடி. பின்னாளில் துணியில்லாத மாடல்களை வரையக் கூடாது என்று கிளம்பி, அதற்காக ஊர் முழுக்கக் கேலிப் பெயர் வாங்கியவர். அவர் தலையிலா குடிக்கேஸ் விழ வேண்டும்?

ஆயிரம் அடித்து, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. அதாவது தபால் செலவு ஒன்று, அட்டை விலை பன்னிரண்டு. சாதாரண ஆள் கிட்டே போக முடியாது. அடுத்த வருஷம் கோல் அட்டை போடவில்லை. இன்று உலகத்தில் தேறுவது இருபது சொச்சம்தான் என்கிறார்கள்.

இந்த மியூசியத்தின் சாப்பாட்டுக் கூடத்தையும் கோல் காலத்தில்தான் கட்டினார்கள். மியூசியத்துக்குள் சாப்பாட்டுக் கடை என்பதே உலகத்தில் அதுதான் முதல். தூண் முழுக்கப் பளபளக்கும் ஓடு, நடுவில் யாரோ பியானோ வாசித்தார்கள். ஸ்கோன் என்று ஒன்று கொடுத்தார்கள். உடைத்தால் உதிரும், உதிர்ந்ததை ஒட்ட வைக்கக் கெட்டி கிரீம். டீயோடு எட்டுப் பவுண்டுக்கு மேல். பெருக்கினேன். மீதிக் கிரீமை வழித்துத் தின்றேன்.

டிசம்பர் 13, சனி: போர்ட்டபெல்லோ சாலை

வெயில் வந்தது. சூடு இல்லாத வெயில், டியூப்லைட் மாதிரி. போர்ட்டபெல்லோ சாலையில் சனிக்கிழமை பழம்பொருள் சந்தை. வழியில் ஒரு தள்ளுவண்டியில் மின்ஸ் பை என்று எழுதியிருந்தது. மின்ஸ் என்றால் கொத்துக்கறி. சனிக்கிழமை நான் கறி தின்பதில்லை, வேண்டாம் என்றேன். விற்ற பையன் சிரித்துவிட்டு, இதில் கறி கிடையாது, திராட்சையும் மசாலாவும்தான், கறி போட்டது பழைய காலத்தில், பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது என்றான். இரண்டு பவுண்டு. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய். கிட்டத்தட்ட நம் கேசரிக்கு மேலங்கி போட்டுவிட்டது போல இருந்தது.

ஒரு சந்துக்குள், எழுபது வயசைத் தாண்டிய அம்மாள் ஒருவர் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக விக்டோரியா காலத்து வாழ்த்துகளை வைத்திருந்தார். தொடலாமா என்று கேட்டேன். கையை ஒரு பார்வை பார்த்தார். "மின்ஸ் பை தின்றீர்களா?" துடைக்கத் துணி கொடுத்தார். நான் அச்சுக்காரன் என்று சொன்னதும் ஸ்டூல் கொடுத்தார். அப்புறம் இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

1870களிலும் 80களிலும்தான் இந்தத் தொழில் ஏறியது. இரண்டு காரணம். ஒன்று, 1870இல் அரைப் பென்னித் தபால் வந்தது, ஒட்டாத கவருக்கு அந்தக் கட்டணம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு. நம்மூரிலும் முன்பெல்லாம் வாழ்த்து அட்டைக் கவரை ஒட்ட மாட்டோமே, மடலை உள்ளே செருகி புக் போஸ்ட் என்று எழுதிக் குறைந்த தபால்தலையில் அனுப்புவோமே. உள்ளே நாலைந்து வார்த்தைக்கு மேல் எழுதினால் தபால்காரர் சண்டைக்கு வருவார். அந்தச் சட்டத்தின் தாத்தாவை இங்கே பார்த்துவிட்டேன்.

இன்னொன்று கலர் கல்லச்சு. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல், பத்துப் பன்னிரண்டு கல்லை ஒரே தாளில் விலகாமல் இறக்க வேண்டும். அப்படி வண்ணத்தின் மேல் வண்ணம் சரியாக உட்காருவதைத்தான் அச்சாபீஸில் ரெஜிஸ்டர் என்போம். ஒரு ரோஜாப்பூ அட்டையை லென்ஸில் பார்த்தேன். புள்ளி புள்ளியாகக் கையால் வைத்தது, நம் ஆஃப்செட் புள்ளி மாதிரி வரிசை கட்டி நிற்கவில்லை, கடுகு இறைத்த மாதிரி கிடந்தது. எட்டு நிறம் எண்ணினேன், ஒன்பதாவது சந்தேகம். இதழ் ஓரத்தில் ஒரு மயிரிழை விலகல்கூட இல்லை. ஓரத்தில் பட்டுக் குஞ்சம் வேறு. திருப்பிப் பார்த்தால் அடியில் பொடி எழுத்தில், பவேரியாவில் அச்சடித்தது என்று போட்டிருக்கிறது!

அம்மாளுக்கு என் ஆச்சரியத்தைப் பார்த்து ஆச்சரியம். ஆமாம், வாழ்த்து இங்கிலாந்துடையது, அச்சு ஜெர்மனியுடையது என்றார். கல்லச்சைக் கண்டுபிடித்த செனஃபெல்டர் அந்தப் பக்கத்து ஆள், அதற்கான கல்லும் பவேரியாவில் சோல்ன்ஹோஃபனில் வெட்டியெடுத்தது. கை சுத்தம், கூலி மலிவு. லண்டன் கம்பெனிகள் ஆர்டரை அங்கே அனுப்பிவிட்டன. 1866இல் லண்டனில் கடை போட்ட ராஃபேல் டக், 1880இல் ஐந்நூறு கினி (அந்தக் காலத்து இங்கிலீஷ் பணக் கணக்கு) பரிசு வைத்து அட்டைக்கு ஓவியப் போட்டியே நடத்தியவர். பிரஷ்யாவிலிருந்து வந்த யூதர். இயேசு பிறந்ததற்கு வாழ்த்து அட்டை விற்றே அவர் குடும்பம் அரச குடும்பத்தின் பதிப்பாளராகி விட்டது. 1914இல் சண்டை வந்தது, ஜெர்மன் அச்சும் நின்றது. 1940 டிசம்பர் 29 ராத்திரி குண்டு விழுந்து டக்கின் கட்டடமும் மூலப் படங்களும் எரிந்துபோயின.

சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். குட்டி பவேரியா என்று சொல்லியிருக்கலாம்.

இன்னொரு பெட்டியைத் திறந்ததும் வாயடைத்துப் போனேன். செத்து மல்லாந்து கிடக்கும் குருவி, கீழே மகிழ்ச்சியான கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஒரு தவளை இன்னொரு தவளையைக் கத்தியால் குத்திவிட்டுப் பணப்பையோடு ஓடுகிறது, அதற்கும் வாழ்த்து. கடல் நண்டு மேல் சவாரி போகும் எலி. தவளையும் எலியும் பின்னால் அடித்த நகல், குருவி மட்டும் அசல். ஏன் இப்படி என்று கேட்டேன். குளிரில் செத்த குருவியைப் பார்த்தால் ஏழைப் பிள்ளைகள் ஞாபகம் வரும், இரக்கம் வரும் என்று சிலர் சொல்வார்கள், தவளைக்கு நானே இன்னும் காரணம் தேடுகிறேன் என்றார். பொங்கல் அட்டையில் நாங்கள் துப்பாக்கி பிடித்த ரஜினியைப் போட்டபோது யாரும் காரணம் கேட்கவில்லை. ஓடியது, அடித்தோம்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைப் பெட்டியை எடுத்துக் காட்டினார். 1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரி பெயரில் போர்முனைச் சிப்பாய்களுக்கு அனுப்பியது. உள்ளே புகையிலை, ஒரு படம், ஒரு வாழ்த்து அட்டை. இந்தியச் சிப்பாய்களுக்குப் போன பெட்டிகளில் கற்கண்டும் மசாலாவும் வைத்தார்களாம். இந்தப் பெட்டி வெறும் பெட்டி. அட்டையை யாரோ எடுத்து எங்கேயோ பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

கோலின் அட்டை என்றைக்காவது கையில் வந்திருக்கிறதா என்று கேட்டேன். சத்தமாகச் சிரித்தார். கோல் தன் பாட்டிக்கும் அத்தைக்கும் அனுப்பிய அட்டை 2001இல் வில்ட்ஷரில் ஏலத்துக்கு வந்தது, 22,500 பவுண்டுக்குப் போனது. "அது வந்திருந்தால் இந்தக் குளிரில் உட்கார்ந்திருப்பேனா, கண்ணு?" லவ் என்றுதான் சொன்னார். எனக்குக் கண்ணு என்றுதான் கேட்டது.

செத்த குருவியை வாங்கலாம் என்று எடுத்தேன். தர மாட்டேன் என்றார். விலை ஒட்டியிருக்கிறதே என்றேன். ஒட்டியிருக்கிறது, ஆனால் மனசு வரவில்லை என்றார். வியாபாரத்தில் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. ரோஜாவைப் பன்னிரண்டு பவுண்டுக்குக் கொடுத்தார்.

டிசம்பர் 14, ஞாயிறு: வீட்டில்

சளி. கல்லறைத் தோட்டத்தின் ஆசீர்வாதம். மருமகப் பெண் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். படுத்தபடி அட்டை எழுதலாம் என்று முடிவு செய்தேன். அக்கா மகன் பக்கத்துக் கடையில் பத்து அட்டை ஒரு பவுண்டு என்று ஒரு கட்டு வாங்கி வந்தான். அதாவது ஒன்று பத்துப் பென்ஸ். உள்நாட்டிலேயே முதல் வகுப்புத் தபால்தலை ஒன்று 1 பவுண்டு 70 பென்ஸ்.

படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். 1843இல் தபால் ஒரு பென்னி, அட்டை பன்னிரண்டு பென்னி. இன்றைக்கு அட்டை ஒரு பங்கு, தபால் பதினேழு பங்கு. அப்படியே தலைகீழ். எங்கள் தொழில் விழுந்ததற்கு நாங்கள் எல்லோரும் செல்போனைத் திட்டினோம். போன் ஒரு காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அட்டையைப் பெற்றெடுத்தது பென்னித் தபால். தாய்க்கு முடியாமல் போனால் பிள்ளை எப்படி நடமாடும்? நம்மூர் நிலைமை வேறு, அங்கே இன்னும் ஐந்து ரூபாயில் கவர் போகிறது, ஐம்பது பைசாவுக்குத் தபால் கார்டே இருக்கிறது. அங்கே ஏன் விழுந்தது என்று மருமகப் பெண் கேட்டாள். ரசத்தை ஊதிக் குடித்தேன்.

அக்கா மகன் மேஜை டிராயரிலிருந்து ராணி தலை போட்ட பழைய தபால்தலைகளைக் கண்டெடுத்தான். ஆறு இருந்தது. "ஃப்ரீ மாமா!" என்று ஒட்டியே விட்டான், நண்பர்களுக்கு. அந்தக் கதை செவ்வாய்க்கிழமையில் வருகிறது.

டிசம்பர் 15, திங்கள்: போகாத மான்செஸ்டர்

மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் யுனிவர்சிட்டியில் லாரா செடன் என்ற அம்மையார் சேர்த்த 32,000 விக்டோரியா, எட்வர்ட் கால வாழ்த்து அட்டைகள் இருக்கின்றன. இதற்கு மட்டும் ஊரிலிருந்தே எழுதிக் கேட்டு நேரம் வாங்கியிருந்தேன். காலை ரயில் ரத்து. அடுத்தது நாற்பது நிமிஷம் தாமதம், பிறகு அதுவும் ரத்து. அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்தபடி நாங்கள் இருநூறு பேர் நின்றோம். யாரும் கத்தவில்லை. ஒருவர் பெருமூச்சு விட்டார், அதற்கே நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

என் பக்கத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவர் டென்மார்க்குக்காரப் பெண், பள்ளிக்கூட ஆசிரியை. கையில் அட்டைக் கட்டு. எல்லாவற்றையும் இங்கேயே தபாலில் போடப் போகிறாராம். ஏன் என்றேன். அவர்கள் நாட்டு அரசுத் தபால் இந்த டிசம்பர் 30ஆம் தேதியோடு கடிதம் கொடுப்பதையே நிறுத்துகிறது. நானூறு வருஷத்துப் பழக்கம். சிவப்புத் தபால்பெட்டிகளையும் பிடுங்கியாகிறது. இனி வேண்டுமானால் தனியார் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டு ஒரு கவரைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ஒரு சின்ன வில்லை, தபால்தலை மாதிரியே இருக்கிறது, ஆனால் தபால்தலை இல்லை. கிறிஸ்துமஸ் முத்திரை. முதல் முத்திரை வந்தது 1904இல். ஐனார் ஹோல்பல் என்ற டேனிஷ் தபால் ஊழியர், மலை மலையாக வரும் கிறிஸ்துமஸ் தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது யோசித்தது: ஒவ்வொரு கவரிலும் ஒரு காசுக்குக் கூடுதலாக ஒரு வில்லை ஒட்டினால், காசநோய் வந்த பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டலாமே. அது உலகமெல்லாம் பரவியது. நம்மூரில் பள்ளிக்கூடத்தில் காசநோய் வில்லை விற்கச் சொல்லி வாத்தியார் தலையில் கட்டுவாரே, அது இதன் பேரன்தான். பத்து வில்லையில் நாலுதான் விற்றேன், மீதிக்கு அப்பா திட்டிக்கொண்டே காசு கொடுத்தார்.

அவர் எனக்கு ஒரு வில்லை கிழித்துக் கொடுத்தார். நான் பையிலிருந்த கடலைமிட்டாயைக் கொடுத்தேன். கோவில்பட்டி. வாயில் போட்டு, பல் உடையும் என்று ஜாடை காட்டினார். பதினொன்றரை ஆனதும் மான்செஸ்டருக்குப் போன் போட்டு வரமுடியவில்லை என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். 32,000 அட்டையில் ஒன்றுகூட இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்: தபாலாபீஸ்

கடைக்குள் கடையாக இருந்தது தபாலாபீஸ். ஒரு பக்கம் பால், ரொட்டி, இன்னொரு பக்கம் கவுண்டர். வரிசை தெரு வரை. கவுண்டரில் இருந்தவர் நம் ராணி தலைகளைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். பார்கோடு இல்லாத இந்த ரகம் 2023 ஜூலையோடு செல்லாது. கிறிஸ்துமஸ் படம் போட்ட பழைய தலைகள் என்றால் இன்னும் செல்லும், ராணி முகம் மட்டும் இருந்தால் செல்லாது. ஒட்டியதை உரிக்கவும் முடியாது. மேலே புதுசை ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். அக்கா மகன் பத்துப் பவுண்டுக்கு மேல் அழுதான்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான். சிவகாசிக்கு. என்னோடு இருபது வருஷம் ஒரே மெஷினில் நின்ற மெஷின்மேனுக்கு. வெளிநாட்டுக்குப் போக மூன்று பவுண்டுக்கு மேல். பத்துப் பென்ஸ் அட்டையை அனுப்ப மனசு வரவில்லை. பவேரியா ரோஜாவை உள்ளே வைத்தேன். 'அன்புள்ள' என்று தொடங்கி, என்ன எழுதுவது என்று தெரியாமல் ரொம்ப நேரம் வரிசையை மறித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற பாட்டியம்மா பேனா எழுதவில்லையோ என்று தன் பேனாவை நீட்டினார். கடைசியில் 'ரெஜிஸ்டரைப் பார்' என்று மட்டும் எழுதினேன். பின்பக்கம் டென்மார்க் வில்லை. கவரை ஒட்டினேன்.

ஜனவரி 19, 2026, திங்கள்: சிவகாசி

பொங்கல் முடிந்து நாலு நாள் கழித்து அட்டை வந்து சேர்ந்திருக்கிறது. சாயங்காலம் மெஷின்மேன் சைக்கிளில் வந்தார், கவரோடு. வாசலில் நின்றபடியே என் லென்ஸைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இலைப்பக்கம் மஞ்சள் கால் நூல் விலகியிருக்கு."

நான் மறுபடி வாங்கிப் பார்த்தேன். ஆமாம், விலகியிருக்கிறது.